மீட்டப்பில் முதல் டாக்: எதைப் பேசுவது, எப்படித் தயாராவது?

கேள்வி இது: "எங்கள் ஊரில் புரோகிராமர்கள் மாதம் ஒருமுறை கூடுவோம். நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. இதுவரை பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன், பாதி டாக் தலைக்கு மேல் போய்விடும். இப்போது அடுத்த கூட்டத்தில் என்னையே பேசச் சொல்லிவிட்டார்கள். வருகிறவர்களில் பலர் என்னைவிட அனுபவசாலிகள். எதைப் பேசுவது? லைவ் கோடிங், அதாவது எல்லோர் முன்னாலும் அங்கேயே நிரல் எழுதிக் காட்டுவது, செய்யலாமா? கேள்வி கேட்டு மடக்கிவிட்டால் என்ன செய்வது?"

முதலில் தலைப்பு. பேசும்போது வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை அங்கேதான் ஆரம்பிக்கின்றன. முதன்முறை பேசுகிறவர் எடுக்கும் தலைப்பு அநேகமாக 'பைதான் ஓர் அறிமுகம்', 'டாக்கர் அடிப்படைகள்' என்ற வகையில் இருக்கும். பார்க்கப் பாதுகாப்பாகத் தெரியும். உண்மையில் சமாளிக்க இதைவிடக் கஷ்டமான தலைப்பு இல்லை. அறிமுகம் என்றால் எதைச் சேர்ப்பது, எங்கே நிறுத்துவது என்று பிடிபடாது. தெரிந்தவர்களுக்கு அலுப்புத் தட்டும், தெரியாதவர்களுக்கு அரை மணி நேரத்தில் எதுவும் மனதில் நிற்காது. அறிமுகம் வேண்டியவருக்குப் பைதானின் சொந்த ஆவணத்திலேயே நல்ல டுடோரியல் இருக்கிறது. வேலை முடிந்து களைத்துப்போய் வருகிறவர் அதைக் கேட்க வரவில்லை.

ஒரு டாக்குக்கு ஒரு கேள்வி போதும். அந்தக் கேள்வி உங்களை ஒருநாள் உண்மையிலேயே படுத்தியிருக்க வேண்டும், அதன் விடையை நீங்கள் கடைசிவரை துரத்திப் பிடித்திருக்க வேண்டும். 'டேட்டாபேஸ் வேகம்' என்பது தலைப்பு இல்லை. '100 பதிவுகளைக் காட்டும் பக்கம் ஏன் 101 குவெரி அனுப்புகிறது?' என்பது தலைப்பு. 'கிட் அறிமுகம்' வேண்டாம். (நிரலில் செய்யும் மாற்றங்களைச் சேமித்து வைக்கும் கருவி கிட்; ஒவ்வொரு சேமிப்பும் ஒரு கமிட், கமிட்டுகளை வேறிடத்தில் திரும்ப அடுக்குவது ரீபேஸ்.) 'ரீபேஸ் செய்ததும் காணாமல் போன கமிட் எங்கே ஒளிந்திருக்கிறது?' என்று கேளுங்கள், கிட் தன் நகர்வுகளைக் குறித்து வைக்கும் ரெஃப்லாக் பற்றி அதுவரை கேள்விப்படாதவர்கூட நிமிர்ந்து உட்காருவார். எழுத்துகளுக்குள் ஒரு வடிவத்தைத் தேட உதவும் 'ரெகுலர் எக்ஸ்பிரஷன்' என்று பொதுவாகப் பேசுவதைவிட, ஒரே ஒரு ரெகுலர் எக்ஸ்பிரஷன் எப்படி ஒரு சர்வரையே திணறடிக்கும் என்று காட்டுங்கள். 2019 ஜூலை 2 அன்று, இணையதளங்களுக்கு முன்னால் நின்று பாதுகாக்கும் கிளவுட்ஃபிளேர் சேவை சுமார் 27 நிமிடம் தடுமாறி, அதை நம்பியிருந்த ஏராளமான தளங்கள் திறக்காமல் போனது அப்படி ஒரு வரியால்தான்.

இப்படிப்பட்ட கேள்விகள் உங்களிடம் ஏற்கெனவே இருக்கின்றன. கடந்த சில மாதங்களில் சக ஊழியருக்குச் சாட்டில் நீளமாக எதையாவது விளக்கினீர்களா? ஒரு வரி மாற்றத்துக்கு ஒரு பத்தி கமிட் மெசேஜ் எழுதினீர்களா? அங்கே ஒரு டாக் இருக்கிறது.

எப்படி அமைப்பது என்பதை ஓர் உதாரணத்தோடு கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் 'எளிமையாகப் பேசு', 'சுருக்கமாகப் பேசு' போன்ற அறிவுரைகளால் யாருக்கும் பயனில்லை. கேள்வி இதுதான்: 0.1, 0.2 இரண்டையும் கூட்டினால் ஏன் 0.3 வருவதில்லை?

அறிமுகம் எதுவும் இல்லாமல் டெர்மினலைத் திறந்து பைதானிலோ ஜாவாஸ்கிரிப்டிலோ 0.1 + 0.2 என்று அடியுங்கள். 0.30000000000000004 என்று வரும். அடுத்து 0.5 + 0.25 அடியுங்கள். சுத்தமாக 0.75. இதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது, ஆனால் கேட்கிறவர்கள் எல்லோரிடமும் இப்போது ஒரே கேள்வி இருக்கிறது: ஒன்று சரியாக வருகிறது, இன்னொன்று ஏன் வரவில்லை? இங்கே அவசரப்பட்டு விடையைச் சொல்லிவிடாதீர்கள். 'ஒன்றை மூன்றால் வகுத்துப் பத்தடிமானத்தில் எழுதுங்கள்' என்று சொல்லுங்கள். 0.333 என்று போய்க்கொண்டே இருக்கும் என்பது பள்ளியிலேயே எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அதே சிக்கல், 0, 1 மட்டும் கொண்டு கணினி எண்ணும் இரண்டடிமானத்தில் பத்தில் ஒரு பங்குக்கு வருகிறது. 0.0001100110011 என்று, 0011 முடிவில்லாமல் திரும்பத் திரும்ப வரும். அரை, கால், அரைக்கால் எல்லாம் இரண்டின் அடுக்குகளால் வகுத்தவை. அவை மிச்சமில்லாமல் அடங்கிவிடுகின்றன.

இனி கொஞ்சம் உள்ளே போகலாம். கணினிகள் புள்ளி வைத்த எண்களைச் சேமிக்கும் பொதுத் தரமான ஐஇஇஇ 754 வடிவத்தில், டபுள் என்ற வகை எண்ணுக்கு 53 பிட் துல்லியம்தான் உண்டு. முடிவில்லாத வரிசையை அங்கே வெட்டி, கிட்டத்தில் இருக்கும் எண்ணுக்கு நகர்த்தியாக வேண்டும். பத்தடிமானத்திலேயே எண்ணை வைக்கும் பைதானின் டெசிமல் வகைக்குள் 0.1 என்ற ஃபுளோட்டை (பைதானில் டபுளுக்கு இதுதான் பெயர்) போட்டுப் பார்த்தால் உள்ளே உண்மையில் என்ன இருக்கிறது என்று தெரியும்: 0.1000000000000000055511151231257827 என்று நீளும் ஓர் எண். இதை டெமோவாகக் காட்டுங்கள். இத்தனை நாள் 0.1 என்று நம்பிக்கொண்டிருந்தது 0.1 இல்லை என்று கண்ணால் பார்ப்பதற்குச் சமமாக எந்த ஸ்லைடும் வராது.

அப்புறம், 'சரி, இவ்வளவு சின்னப் பிழையால் என்ன ஆகிவிடும்?' என்ற கேள்வியை நீங்களே எழுப்புங்கள். 1991 பிப்ரவரி 25 அன்று சவூதி அரேபியாவின் தஹ்ரானில் இருந்த ஒரு பேட்ரியாட் ஏவுகணைத் தடுப்பு அமைப்பு, வந்துகொண்டிருந்த ஸ்கட் ஏவுகணையைப் பிடிக்கத் தவறியது. 28 அமெரிக்க ராணுவ வீரர்கள் இறந்தார்கள். அந்த அமைப்பின் கடிகாரம் நேரத்தைப் பத்தில் ஒரு நொடி அளவில் எண்ணி வைத்திருந்தது. அதை நொடியாக மாற்ற 0.1 ஆல் பெருக்க வேண்டும், 0.1 இருந்ததோ 24 பிட் இடத்தில், வால் வெட்டப்பட்டு. ஒவ்வொரு முறையும் வரும் பிழை ஒரு கோடியில் ஒரு பங்கைவிடக் குறைவு. ஆனால் அமைப்பு சுமார் 100 மணி நேரம் நிறுத்தாமல் ஓடியிருந்தது. 100 மணி நேரம் என்றால் 36 லட்சம் பத்தில்-ஒரு-நொடிகள். பெருக்கிப் பார்த்தால் சுமார் 0.34 நொடி. அந்த நேரத்துக்குள் ஸ்கட் அரைக் கிலோமீட்டருக்கு மேல் போய்விடும். ரேடார் தேடிய இடத்தில் அது இல்லை. திருத்திய மென்பொருள் மறுநாள்தான் அங்கே போய்ச் சேர்ந்தது. சம்பவத்துக்குச் சில நாட்கள் முன்பே 'மிக நீண்ட நேரம் ஓட்டினால்' பிசகு வரலாம் என்று ஓர் எச்சரிக்கை போயிருக்கிறது. மிக நீண்ட நேரம் என்றால் எத்தனை மணி என்று அதில் இல்லை.

இந்தப் பெருக்கலைப் பேசியபடியே அங்கேயே போடுங்கள். கடைசி ஐந்து நிமிடத்தில் நடைமுறை விஷயங்கள்: பணத்தை ஃபுளோட்டில் வைக்காமல் மிகச் சிறிய அலகில் முழு எண்ணாக வைப்பது, டெசிமல் வகையை எப்போது எடுப்பது, இரண்டு ஃபுளோட்டை ஒப்பிடும்போது சமக்குறி போடாமல் ஒரு சிறு இடைவெளிக்குள் இருக்கிறதா என்று பார்ப்பது. முடிந்தது. 20 நிமிடம்.

இந்த டாக்கில் புதியவருக்கு முதல் பாதி முழுசாகப் புரியும். அனுபவசாலிக்கு 53 பிட் கணக்கு தெரிந்திருக்கலாம், ஆனால் 100 மணி நேரப் பெருக்கலை அவர் உட்கார்ந்து போட்டுப் பார்த்திருக்க மாட்டார். மீட்டப்பில் எப்போதும் கலவையான கூட்டம்தான் இருக்கும். ஆளுக்குத் தக்கபடி தலைப்பைத் தேட முடியாது. ஒரே கேள்வியை ஆழமாகத் தோண்டினால் ஒவ்வொருவரும் அவரவருக்கு எட்டும் ஆழத்தில் நின்றுகொள்வார்கள்.

'என்னைவிடத் தெரிந்தவர்கள் இருப்பார்களே' என்ற பயத்துக்கும் பதில் இதற்குள்ளேயே இருக்கிறது. ஒரு தலைப்பு முழுவதையும் உங்களைவிட அறிந்தவர்கள் நிச்சயம் இருப்பார்கள். ஒரு குறிப்பிட்ட பிழையின் பின்னால் மூன்று நாள் அலைந்து, எந்த எரர் மெசேஜ் திசைதிருப்பியது, எந்த லாக் வரி காட்டிக்கொடுத்தது என்பதெல்லாம் நினைவில் இருக்கிறவர் அங்கே நீங்கள் மட்டும்தான். அனுபவசாலிகள் கேட்க வருவதும் அதற்குத்தான். உங்கள் அலுவலகக் கோடை (நிரல் வரிகளை) மட்டும் அப்படியே திரையில் போட்டுவிடாதீர்கள். அனுமதி வாங்கும் தொல்லை ஒரு பக்கம் இருக்கட்டும், பிழைக்குச் சம்பந்தமில்லாத ஆயிரம் வரிகள் அதில் இருக்கும். சிக்கலை மட்டும் பிரித்தெடுத்து 15 வரியில் புதிதாக எழுதுங்கள். எழுதும்போதே உங்களுக்கு எது சரியாகப் புரியவில்லை என்பதும் தெரிந்துவிடும்.

நேரம் எவ்வளவு? தேர்வு உங்களுடையது என்றால் 20 நிமிடம் கேளுங்கள். அதற்கே தயக்கமாக இருந்தால் லைட்னிங் டாக் கேளுங்கள். ஐந்தே நிமிடம். பெர்ல் என்ற நிரல் மொழிச் சமூகத்தின் மாநாட்டில் 2000ஆம் ஆண்டு மார்க் ஜேசன் டொமினஸ் இந்தப் பெயரில் அந்த வடிவத்தை நடத்தினார், அங்கிருந்து பரவியது. ஐந்து நிமிடத்தில் என்ன சொல்லிவிட முடியும் என்று நினைக்க வேண்டாம். டாக்கர் முதன்முதலில் வெளியாட்கள் முன்னால் வந்தது 2013 மார்ச்சில் பைதான் மாநாடான பைகானில், அதை உருவாக்கிய சாலமன் ஹைக்ஸ் கொடுத்த ஒரு லைட்னிங் டாக்கில்தான். அவர் காட்டிய டெமோ, ஒரு கன்டெய்னருக்குள் (மற்றவற்றிலிருந்து பிரித்து ஒரு மென்பொருளை ஓட்டும் தனி இடம்) 'ஹலோ வேர்ல்ட்' என்று அச்சடிப்பது, அவ்வளவே. இன்னொரு பக்கம், ஸ்லைடு தானாக நகரும் வடிவங்களும் உண்டு. 2003இல் டோக்கியோவில் தொடங்கிய பெச்சா குச்சாவில் 20 ஸ்லைடு, ஒவ்வொன்றும் 20 நொடி. 2006இல் சியாட்டிலில் தொடங்கிய இக்னைட்டில் அதே 20 ஸ்லைடு, 15 நொடி. கதை சொல்ல அவை நன்றாக இருக்கும். கோடு காட்டும் டாக்குக்கு ஒத்துவராது என்பது என் கருத்து. ஒரு ஃபங்ஷனை வாசிக்க ஒருவருக்கு 15 நொடியும் இன்னொருவருக்கு 40 நொடியும் ஆகும், அதை ஸ்லைடு முடிவு செய்யக் கூடாது.

ஸ்லைடு விஷயத்தை வேகமாகக் கடந்துவிடுகிறேன். 'நான் யார்' ஸ்லைடுக்கு இரண்டு வாக்கியத்துக்கு மேல் வேண்டாம், முதல் ஸ்லைடாகவும் வேண்டாம். கேள்வியைக் காட்டிவிட்டு அப்புறம் பெயரைச் சொன்னால் போதும். ஒரு ஸ்லைடில் 12 வரி கோடுக்கு மேல் போனால் யாரும் வாசிப்பதில்லை. கருப்புப் பின்னணி எடிட்டர் உங்கள் லேப்டாப்பில் அழகாக இருக்கும், வெளிச்சமான ஹாலில் புரொஜெக்டரில் சாம்பல் நிறச் சேறாகத் தெரியும். வெள்ளைப் பின்னணிக்கு மாற்றிவிடுங்கள். எழுத்தின் அளவைப் பெரிதாக்கி, கடைசி வரிசையில் போய் உட்கார்ந்து நீங்களே படித்துப் பாருங்கள். டெர்மினல் ப்ராம்ப்டில் நீளமான ஃபோல்டர் பாதை இருந்தால் அதைச் சுருக்குங்கள், இல்லாவிட்டால் உங்கள் கமாண்ட் பாதியில் மடிந்து அடுத்த வரிக்குப் போகும். நோட்டிஃபிகேஷன் அத்தனையையும் நிறுத்துங்கள். ஏபிஐ கீ, பாஸ்வேர்டு இருக்கும் கான்ஃபிக் ஃபைல் எதுவும் திரைக்கு வரக் கூடாது. கூட்டத்தில் யாராவது வீடியோ எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

இப்போது லைவ் கோடிங். செய்யலாம், ஆனால் அளவோடு. விடை வந்ததும் கேட்பவர் 'அட' என்று சொல்லும் இடம் எதுவோ அதை மட்டும் அங்கேயே அடியுங்கள். மேலே சொன்ன உதாரணத்தில் 0.1 + 0.2 அப்படி ஓர் இடம். டைப் செய்வதில் எந்தச் செய்தியும் இல்லாத பகுதிகளை, அதாவது இம்போர்ட் வரிகள், எச்டிஎம்எல் சட்டகம், கான்ஃபிக் போன்றவற்றை, முன்கூட்டியே எழுதி வைத்துவிடுங்கள். ஒருவர் இம்போர்ட் வரி அடிப்பதை 30 பேர் மௌனமாகப் பார்த்துக்கொண்டிருப்பது யாருக்கும் சுகமில்லை. டெமோவின் ஒவ்வொரு படிக்கும் கிட்டில் ஒரு கமிட் வைத்து அதற்கு டேக் போட்டுவிட்டால், ஒரு படியில் மாட்டிக்கொண்டாலும் அடுத்த டேகை செக்அவுட் செய்து, அதாவது அடுத்த படியின் கோடைத் திறந்து, பேச்சைத் தொடரலாம். பிழை எங்கே என்று அங்கேயே தேட ஆரம்பித்தால் ஐந்து நிமிடம் போய்விடும், கூட்டத்தில் மூன்று பேர் மூன்று திசையில் யோசனை சொல்வார்கள்.

இணைய வசதியை நம்பவே நம்பாதீர்கள். பேக்கேஜ், கன்டெய்னர் இமேஜ், சாம்பிள் டேட்டா எல்லாம் முதல்நாளே உங்கள் கணினியில் இறங்கியிருக்க வேண்டும். வைஃபையை அணைத்துவிட்டு முழு டெமோவையும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள், எது எது வெளியே போய்க் கேட்கிறது என்று அப்போது தெரியும். டெமோ ஓடுவதைத் திரைப்பதிவு செய்து ஒரு வீடியோவாகவும் வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு முன்னேற்பாடு செய்தால் அது 'லைவ்' தானா என்று சிலர் கேட்பார்கள். கணினி உலகில் அதிகம் பேசப்பட்ட டெமோவையே எடுத்துக்கொள்வோம். 1968 டிசம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் ஆராய்ச்சியாளர் டக்ளஸ் எங்கல்பார்ட் 90 நிமிடம் காட்டியது அது. மவுஸ், ஹைப்பர்டெக்ஸ்ட், திரையில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே ஒரே ஆவணத்தில் வேலை செய்வது என்று எல்லாமே அதில் இருந்தன. கணினி அந்த அரங்கில் இல்லை. சுமார் 50 கிலோமீட்டர் தள்ளி மென்லோ பார்க்கில் இருந்தது, மைக்ரோவேவ் இணைப்பு வழியாகப் படம் வந்துகொண்டிருந்தது. எங்கல்பார்ட் மேடையில் நிதானமாகப் பேசியதற்குக் காரணம், அவருடைய சக பொறியாளர் பில் இங்கிலிஷும் குழுவினரும் பின்னால் கேமரா, இணைப்பு எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டிருந்ததுதான். ஒத்திகை பார்த்ததால் அதை யாரும் போலி என்று சொல்லவில்லை.

ஒத்திகை என்றதும் மனதுக்குள் ஓட்டிப் பார்ப்பது கணக்கில் வராது. எழுந்து நின்று, வாய்விட்டு, கையில் டைமரோடு பேசுங்கள். 20 நிமிடத்துக்கு எழுதியது முதல்முறை 30 நிமிடத்தைத் தாண்டினால் ஆச்சரியப்பட வேண்டாம். வெட்டும்போது நடுவில் வெட்டுங்கள். ஆரம்பத்தில் உள்ள கேள்வியும் கடைசியில் உள்ள விடையும் கைபடாமல் இருக்கட்டும். வேகமாகப் பேசிச் சமாளிக்கலாம் என்ற யோசனை வந்தால் இன்னொரு ஸ்லைடைத் தூக்கிவிடுங்கள்.

கேள்வி நேரம். கேட்ட கேள்வியை நீங்கள் ஒருமுறை உரக்கச் சொல்லிவிட்டுப் பதிலுக்குப் போங்கள். பின்வரிசைக்குக் கேள்வி காதில் விழுந்திருக்காது, யோசிக்க உங்களுக்கும் பத்து நொடி கிடைக்கும். தெரியாததற்குத் 'தெரியாது, இங்கே யாருக்காவது தெரியுமா?' என்று அறையிடமே கேட்டுவிடலாம். பல சமயம் அன்றைய சிறந்த விளக்கம் அப்படித்தான் கிடைக்கிறது. உதாரணமாக, 'பேட்ரியாட்டில் இருந்ததும் நாங்கள் பயன்படுத்தும் ஃபுளோட்டும் ஒன்றா?' என்று ஒருவர் கேட்கலாம். ஒன்றில்லை. அங்கே 24 பிட் இடம், இங்கே 53 பிட் துல்லியம். இரண்டுக்கும் பொது, 0.1 இரண்டடிமானத்தில் முடிவதில்லை என்பது. இந்த மாதிரி வரக்கூடிய நாலைந்து கேள்விகளை முன்பே யோசித்து வையுங்கள். கேள்வி என்று ஆரம்பித்துத் தன் அனுபவத்தை நீளமாகச் சொல்கிறவர் ஒருவர் எல்லாக் கூட்டத்திலும் இருப்பார். மடக்குவது பெரும்பாலும் அவர் நோக்கமாக இருக்காது, தனக்கும் தெரியும் என்று சொல்லிக்கொள்கிறார், அவ்வளவுதான். 'இதை முடித்ததும் நாம் இரண்டு பேரும் உட்கார்ந்து பேசலாமே' என்று சொன்னால் பெரும்பாலும் நின்றுவிடுவார்.

டாக் தலைக்கு மேல் போகிறது என்று எழுதியிருந்தீர்கள். அது பாதிக்குப் பாதி பேசுகிறவரின் கோளாறு. கேள்வியே இல்லாமல் விடையை அடுக்கிக்கொண்டு போனால் யாருக்கும் தலைக்கு மேல்தான் போகும். தன் நிறுவனத்தின் சாஃப்ட்வேரை விற்க வருகிறவரின் டாக்கும் இப்படித்தான் இருக்கும்; சிக்கலை இரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டு மிச்ச நேரமெல்லாம் விடை. மீதிப் பாதிக்கு ஒரு வழி இருக்கிறது. கேட்கும்போது புரியாத எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளாமல், அடிக்கடி காதில் விழும் ஒரே ஒரு சொல்லை எழுதி வைத்து, டாக் முடிந்ததும் பேசியவரிடம் நேரில் போய்க் கேளுங்கள்.

மீட்டப்பின் சாரமே டாக் முடிந்த பிறகு நடக்கும் பேச்சில்தான் என்று நான் நினைக்கிறேன். 1975 மார்ச் 5 அன்று மென்லோ பார்க்கில் கார்டன் ஃபிரெஞ்ச் என்பவரின் கராஜில் முதன்முதலாகக் கூடிய, கணினி ஆர்வலர்களின் ஹோம்ப்ரூ கம்ப்யூட்டர் கிளப் இதை நன்றாகப் புரிந்துவைத்திருந்தது. கூட்டம் பெரிதான பிறகு அதை நெறிப்படுத்திய லீ ஃபெல்சென்ஸ்டைன், சந்திப்பை இரண்டாகப் பிரித்திருந்தார். முதலில் 'மேப்பிங்': யார் என்ன செய்துகொண்டிருக்கிறார்கள், யாருக்கு என்ன வேண்டும் என்று ஒவ்வொருவராகச் சொல்வது. அடுத்து 'ரேண்டம் ஆக்சஸ்': தனக்கு வேண்டிய ஆளை ஹாலில் தேடிப் பிடித்துப் பேசுவது. ஸ்டீவ் வாஸ்னியாக் தன் ஆப்பிள் 1 கணினியின் சர்க்யூட் வரைபடத்தை நகலெடுத்து இலவசமாகக் கொடுத்தது அங்கேதான். உங்கள் டாக்கும் ஒரு வகையில் மேப்பிங்தான். இவர் இந்தச் சிக்கலைத் தொட்டிருக்கிறார் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது, அதே சிக்கலில் மாட்டியிருக்கிறவர் உங்களைத் தேடி வருவார். அதனால் பேசி முடித்தவுடன் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். கடைசி ஸ்லைடில் 'நன்றி' என்று மட்டும் போடாமல், கோடு இருக்கும் முகவரியையும் டாக்கின் விடையை ஒரே வரியிலும் போட்டு, கேள்வி நேரம் முழுக்க அதையே திரையில் விட்டுவையுங்கள். ஃபோனில் படம் எடுத்துக்கொள்ள அதுதான் வசதி.

அமைப்பாளர் உங்கள் டாக்கை அறிவிக்க ஒரு குறிப்பு கேட்டிருப்பார். நீளமாக வேண்டாம். கேள்வி ஒரு வாக்கியம், எப்படிக் காட்டப் போகிறீர்கள் என்று ஒரு வாக்கியம், கேட்க வருகிறவருக்கு முன்பே என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று ஒரு வாக்கியம். மாதிரிக்கு: "0.1, 0.2 இரண்டையும் கூட்டினால் ஏன் 0.3 வருவதில்லை? டெர்மினலில் ஓட்டிப் பார்த்து, எண்ணின் உள்ளே இருக்கும் பிட்டுகள் வரை போய், அதே பிழை ஒரு ஏவுகணைத் தடுப்பு அமைப்பில் என்ன செய்தது என்று கணக்குப் போடுவோம். ஏதாவது ஒரு மொழியில் இரண்டு எண்களைக் கூட்டத் தெரிந்தால் போதும்." இதே அளவில் உங்கள் கேள்விக்கு மூன்று வாக்கியம் எழுத வரவில்லை என்றால் தலைப்பு இன்னும் அகலமாக இருக்கிறது, இன்னொருமுறை குறுக்குங்கள்.